கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை ஏன் இறக்க வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் பழைய சின்ன கார் ஒன்று வாங்கினாராம். இப்போது பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, கருகல் வாடை வேறு. மெக்கானிக்கிடம் காட்டினால் கிளட்ச் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறாராம். "கிளட்ச் காலடியில்தானே இருக்கிறது, அதற்கு எதற்குக் கியர்பாக்ஸில் கை வைக்கணும், என்னை ஏமாற்றுகிறாரா?" என்பது அவர் கேள்வி.

ஏமாற்றவில்லை தம்பி. நான் கும்பகோணம் பக்கம் 20 வருடத்துக்கு மேலாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன், இந்தச் சந்தேகம் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் வருகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது பெடல் ஒன்றுதான். ஆனால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்னால் பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய சங்கதிகள் சில உண்டு, அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் இடம். காலடியில் இருக்கும் பெடலிலிருந்து ஒரு கேபிள் போகும், சில வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாக பிரேக் ஆயில் நிரம்பிய ஒரு குழாய் போகும். அந்தக் கேபிள் போய் முடிகிற இடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். பானட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சின் குறுக்குவாக்கில் படுத்திருக்கும், ஆல்டோ, ஸ்விஃப்ட் மாதிரி முன் சக்கரம் இழுக்கும் வண்டிகள் எல்லாம் அப்படித்தான், அதன் ஒரு கோடியில் கோயில் மணியைக் கவிழ்த்துப் படுக்க வைத்த மாதிரி ஒரு அலுமினிய உறை போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். பெல் ஹவுசிங் என்று அதற்குப் பெயர் வந்ததே அந்த வடிவத்தால்தான். அதற்குள்தான் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. பழைய அம்பாசடர், பொலேரோ, சுமோ மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும், அப்போது இந்த மணி எஞ்சினுக்குப் பின்னால், ஏறக்குறைய டிரைவர் கால் நீட்டும் இடத்துக்கு அடியில் வரும். எந்த வண்டியானாலும் கிளட்சுக்கு ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் கியர்பாக்ஸ். இரண்டுக்கும் நடுவே சிக்கியிருக்கும் பொருளை எடுக்க இரண்டில் ஒன்றை நகர்த்தித்தானே ஆக வேண்டும்? எஞ்சினை எடுப்பதைவிட கியர்பாக்ஸை இறக்குவது லேசு. உங்கள் மெக்கானிக் சொன்னதன் அர்த்தம் அவ்வளவுதான்.

இது எதற்கு அங்கே இருக்கிறது என்பது புரிந்தால் மற்றது தானாகப் புரியும். பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு, நின்ற இடத்திலிருந்து அதனால் பாரம் இழுக்க முடியாது. ஸ்டார்ட் ஆகி, குறைந்தது நிமிடத்துக்கு 700, 800 சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சக்கரமோ நிற்கிறது. சுற்றிக்கொண்டிருக்கிற ஒன்றை நிற்கிற ஒன்றோடு பட்டென்று கோத்தால் எஞ்சின் நின்றுபோகும், இல்லையென்றால் எதாவது உடையும். நடுவில் மெல்ல மெல்லப் பிடிக்கிற ஒரு கை வேண்டும்.

என் அப்பா வலங்கைமான் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார், கிளட்ச் என்றால் என்ன என்பதை நான் காரில் கற்கவில்லை, அந்த மில்லில்தான் கற்றேன். ஒரு எஞ்சின் நிற்காமல் ஓடும், அதிலிருந்து நீளமாக ஒரு ஷாஃப்ட், அந்த ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பட்டை பெல்ட். மெஷின் பக்கம் இரண்டு புல்லி ஒட்டி ஒட்டி இருக்கும், ஒன்று மெஷினோடு இறுகியது, இன்னொன்று எதையும் இழுக்காமல் சும்மா சுற்றுவது. பெல்ட் சும்மா சுற்றும் புல்லியில் ஓடிக்கொண்டிருக்கும். மேலே நெல்லைக் கொட்டி ஆளுக்கு ஆள் கை காட்டியதும் அப்பா ஒரு மரக் கவட்டையால் பெல்ட்டை இறுகிய புல்லிக்குத் தள்ளுவார். தள்ளியதும் ஓரிரு நொடி பெல்ட் வழுக்கும், கிரீச்சிடும், மெஷின் முனகிக்கொண்டே கிளம்பும், அப்புறம் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடும். அப்பா சொல்வார், வேகமாகத் தள்ளினால் பெல்ட் அறுந்துவிடும், தயங்கித் தயங்கித் தள்ளினால் பெல்ட் கருகிவிடும். காரில் முதல் கியர் போட்டு கிளட்சை விடும்போது நடப்பது அட்சரம் பிசகாமல் இதேதான்.

இப்போது மணிக்குள் போவோம். எஞ்சினின் கிரேங்க் ஷாஃப்ட் முனையில் ஃபிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது, எஞ்சின் ஓடும் வரை அது ஓடும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் இதை நோக்கி நீண்டிருக்கும், அதன் மேல் நீளவாக்கில் பற்கள். அந்தப் பற்களில் கோத்து முன்னும் பின்னும் நழுவக்கூடிய மாதிரி நிற்பதுதான் கிளட்ச் பிளேட். சின்ன காரில் அது ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவான அகலம்தான், கையில் எடுத்தால் இதுவா ஒரு டன் வண்டியை இழுக்கிறது என்று இருக்கும். இரண்டு பக்கமும் பிரேக் லைனிங் மாதிரி உரசிப் பிடிக்கும் ஒரு பொருள் ரிவிட் அடித்து ஒட்டியிருக்கும், நடுவில் வட்டமாக நான்கைந்து குட்டி ஸ்பிரிங், கிளட்ச் பிடிக்கும்போது வரும் குலுக்கலை வாங்கிக்கொள்ள. இந்த பிளேட்டுக்குப் பின்னால் பிரஷர் பிளேட். அது ஃபிளைவீலோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் ஒரு வட்டத் தட்டு ஸ்பிரிங் உண்டு, அதன் விரல்கள் பூ இதழ் மாதிரி நடுவை நோக்கி நீண்டிருக்கும். அந்த ஸ்பிரிங் நூற்றுக்கணக்கான கிலோ பலத்தில் கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் பெடலில் கால் வைக்காதபோதுதான் கிளட்ச் பிடித்திருக்கிறது. பெடலை மிதித்தால் கேபிள் கவட்டை மாதிரி இருக்கும் ஒரு ஃபோர்க்கை இழுக்கும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங் என்ற சுழலும் வளையத்தை முன்னால் தள்ளும், பேரிங் அந்த ஸ்பிரிங் விரல்களின் நடுவை அமுக்கும், நடு உள்ளே போனால் ஓரம் வெளியே வரும், சீசா பலகை மாதிரி. பிரஷர் பிளேட் ஓரிரு மில்லிமீட்டர்தான் விலகும், ஆனால் அந்த விலகல் போதும், பிளேட் விடுபட்டு கியர்பாக்ஸ் தனி, எஞ்சின் தனி. அப்போது கியரை மாற்றிக்கொள்ளலாம். காலை எடுத்தால் ஸ்பிரிங் மறுபடி அமுக்கிவிடும்.

டிராக்டர் ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், டூயல் கிளட்ச் டிராக்டரில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், முழுக்க மிதித்தால்தான் அதுவும் நிற்கும். அதில் ஒரே மணிக்குள் இரண்டு பிளேட். தத்துவம் இதேதான்.

சரி, தேய்மானத்துக்கு வருவோம், உங்கள் பிரச்சினையே அதுதான். கிளட்ச் பிளேட் முழுக்கப் பிடித்திருக்கும்போது தேயாது, நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை ஒரே கியரில் போனாலும் தேயாது, ஏனென்றால் இரண்டு பரப்பும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுற்றுகின்றன, உரசல் கிடையாது. முழுக்க விட்டிருக்கும்போதும் லைனிங் தேயாது, ஆனால் ரிலீஸ் பேரிங் வேலை செய்துகொண்டே இருக்கும். தேய்வது நடுவில் வழுக்கும் அந்த நேரத்தில் மட்டும். ஃபிளைவீல் 1500 சுற்று, பிளேட் பூஜ்யம், அந்த வித்தியாசம் முழுவதும் சூடாக மாறுகிறது. இரண்டு நொடியில் முடிந்தால் இரும்பு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்தால் லைனிங் கருகும், ஃபிளைவீலில் நீல நிறத்தில் தீப்பட்ட திட்டு விழும். கவனமாக ஓட்டுகிறவர்கள் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் ஒரே பிளேட்டில் ஓட்டுகிறார்கள், 30,000-த்தில் கொண்டுவந்து நிற்பவர்களும் உண்டு, இரண்டும் ஒரே மாடல் வண்டியாக இருக்கும்.

டெல்டாவில் மலை கிடையாது, இங்கே கிளட்ச் ஏன் போகிறது என்று கேட்பார்கள். மலை இல்லைதான், ஆனால் ஆற்றுக்கு ஆறு பாலம், வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு மேடு, ஆற்றங்கரை ரோட்டிலிருந்து கீழே தெருவுக்கு இறங்கும் சரிவுகள். குறுவை அறுப்பு நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர், அதன் பின்னால் கார் வரிசை நத்தை மாதிரி ஊரும். கும்பகோணம் கடைத்தெருவில் முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். இந்த ஊர்தலில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து நகர்கிறார்கள். பாலத்து ஏற்றத்தில் நின்றால் பிரேக்கைப் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் வண்டி அசையவில்லை, ஆனால் உள்ளே பிளேட் அரைபட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் பைக்கிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. பைக்கில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள் மூழ்கி ஓடுகிறது, ஒன்றுக்கு நான்கைந்து பிளேட், ஆயில் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்தாலும் கொஞ்ச காலம் தாங்கும். காரில் இருப்பது ஒரே பிளேட், உலர்ந்த பிளேட், சூட்டை எடுத்துப் போக ஆயில் கிடையாது. பத்து வருடம் பைக் ஓட்டிய கை அதே நினைப்பில் காருக்கு வந்தால் முதல் பிளேட் சீக்கிரம் போகும்.

ஏற்றத்தில் நிற்க வேண்டுமா, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், கிளட்சை மெல்ல விடுங்கள், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும் இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கி ஆக்சிலேட்டர் கொடுங்கள். ஊர்ந்து போகும் வரிசையில் முன் வண்டி ஒரு வண்டி நீளம் நகரும் வரை காத்திருந்துவிட்டு ஒரே தடவையாக நகருங்கள். ஓடும்போது இடது காலை பெடல் மேல் ஓய்வாக வைக்காதீர்கள், அந்தக் காலின் கனமே ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிடும்.

கியர் தானாக மாறும் ஏஎம்டி வண்டிகளில் கிளட்ச் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2014-ல் மாருதியின் செலேரியோ காரில் இந்த வகை நம் நாட்டுக்கு வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் இருக்கிறது. அதில் பெடல் மட்டும்தான் இல்லை, உள்ளே இதே பிளேட், இதே பிரஷர் பிளேட், உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஏற்றத்தில் நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும். பிரேக்கைப் பிடியுங்கள்.

இனி உங்கள் வண்டி. எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஸ்லிப் ஆவதற்கு பிளேட் தேய்வது மட்டுமே காரணம் என்று இல்லை. கேபிள் கிளட்சாக இருந்தால் முதலில் பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள், மேலே ஒரு விரலகலமாவது தடையில்லாமல் இறங்க வேண்டும். அந்த ஆட்டம் இல்லாமல் கேபிள் விறைத்து இருந்தால் ரிலீஸ் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கைத் தொட்டு அமுக்கிக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட் கூட வழுக்கும், ஒரு நட்டைத் திருகினால் சரியாகிவிடும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகக் குறையும் என்பதால் அவ்வப்போது பார்த்து வைக்க வேண்டிய ஒன்று இது. கேபிளைத் திருகுவதற்கு இனி இடமே இல்லை என்ற நிலை வந்துவிட்டால் பிளேட் முடிந்தது. ஆயில் குழாய் வைத்த வண்டியில் இந்த ஆட்டம் தானாகவே சரிசெய்துகொள்ளும், அதனால் பெடலை வைத்து மட்டும் பிளேட்டின் நிலைமையைச் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு சோதனை. சமதளத்தில் முன்னால் ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியர் போட்டு கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் துடித்து நின்றுவிடும். கிளட்சை முழுக்க விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட்டுக்குப் பிடிப்பு இல்லை. ஒரு தடவை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருப்பதும் கருகும்.

வாடையிலும் ஏமாறக்கூடாது. அறுப்பு சீசனில் ரோட்டில் கிடக்கும் வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சரில் பட்டுக் கருகும், அது அடுப்படி வாடை மாதிரி இருக்கும். அந்த வாடை வந்தால் கிளட்சை யோசிக்காமல் உடனே வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்து வைக்கோலை எடுங்கள், தீப்பிடிக்கும் காரியம் அது. கிளட்ச் வாடை வேறு, காகிதமும் ரப்பரும் சேர்ந்து எரிந்த மாதிரி மூக்கில் குத்தும், தம் பிடித்து ஏறிய பிறகு சில நிமிடம் நிற்கும்.

ஸ்லிப்புக்கு நேர் எதிரான நோய் ஒன்றும் உண்டு, கிளட்ச் விடாமல் போவது. ரிவர்ஸ் போட்டால் கறக் என்று பற்கள் அரைபடும், கியர் விழாது. கேபிள் தொய்ந்திருக்கலாம், ஆயில் வகை என்றால் கசிவோ காற்றோ இருக்கலாம், பெடல் பொசுக்கென்று கீழே போய் எழாமல் கிடந்தால் பெரும்பாலும் அதுதான். இதற்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லாமல் முடியலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எனக்கு வந்த வண்டிகளில் வேறொரு காரணம் பார்த்தேன். பல நாள் தண்ணீரில் நின்ற வண்டிகள், மணிக்குள் தண்ணீர் புகுந்து (அது காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி கிடையாது) பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் விடவில்லை. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ஆளில்லாத திடலில் இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கொடுத்து விட்டு, கொடுத்து விட்டுப் பார்த்ததில் பாதி வண்டிகளில் பட்டென்று விடுபட்டது, மீதிக்கு இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஸ்டார்ட் ஆனதுமே வண்டி பாய்ந்து ஓடும் என்பதால் வீட்டு வாசலில் வைத்து யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம்.

சத்தத்துக்கு ஒரே ஒரு அடையாளம் சொல்கிறேன். பெடலை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது கேட்டு, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங், அது வேறு செலவு.

எல்லாம் பார்த்து, பிளேட்தான் என்று முடிவானால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றாமல் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுங்கள், இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிசு, ஆயிரம் இரண்டாயிரத்தை மிச்சம் பிடித்து ஆறு மாதத்தில் பேரிங் கத்தினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். பழைய பிளேட்டை வாங்கிப் பாருங்கள். லைனிங் ரிவிட் தலை மட்டம் வரை வந்திருந்தால் நியாயமாகத் தேய்ந்தது. லைனிங் நல்ல கனமாக இருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று ஆயில் ஊறியிருந்தால் கதை வேறு, எஞ்சின் பின்பக்க ஆயில் சீலோ (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கியர்பாக்ஸ் முன் சீலோ கசிகிறது. என் தம்பி முறை ஒருவர் வெளியூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் கிளட்ச் மாற்றிக்கொண்டு வந்தார், மூன்று மாதத்தில் மறுபடி ஸ்லிப். நான் இறக்கிப் பார்த்தால் புது பிளேட் முழுக்க ஆயில். சில நூறு ரூபாய் சீலை அவர்கள் பார்க்கவே இல்லை, இரண்டு செட் கிளட்சுக்கும் இரண்டு கூலிக்கும் பணம் போயிற்று. அன்றிலிருந்து என் கடையில் கியர்பாக்ஸ் இறங்கினால் இரண்டு சீலையும் வண்டிக்காரரையே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ஃபிளைவீல் முகத்தையும் பாருங்கள். விரல் வைத்துத் தடவினால் பள்ளம் தட்டினாலோ நீலத் திட்டு இருந்தாலோ கழற்றி லேத்தில் கொடுத்துச் சீவி முகத்தை மட்டமாக்க வேண்டும், இல்லையென்றால் புது பிளேட் போட்டும் கிளம்பும்போது வண்டி வெடவெடவென்று அதிரும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்ய விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அது நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அந்தப் பையனும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

முன் சக்கர வண்டியில் ஆக்சிலை உருவும்போது கியர் ஆயிலை இறக்கியிருப்பார்கள், பழையதையே ஊற்றாமல் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். மாட்டி முடித்த பிறகு பெடல் பழைய இடத்தில் பிடிக்காது, கொஞ்சம் கீழேயே பிடிக்கும், பெடலும் லேசாக இருக்கும், அதுதான் சரி. முதல் சில நூறு கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றாமல், வெட்டி இழுக்காமல் ஓட்டுங்கள், புது லைனிங் ஃபிளைவீல் முகத்தோடு படிந்து உட்கார அவ்வளவு ஓட்டம் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு தடவை கேபிள் ஆட்டத்தைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லி அதே மெக்கானிக்கிடம் போங்கள்.